தூக்குவாளியில் நின்ற குண்டு

குன்றக்குடி மலைப் படியில் கற்பூரம் ஏற்றி அணைத்துச் சொல்லச் சொன்னாலும் இதையேதான் சொல்வேன். நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை.

கல்லல் சாலையில், என் மச்சினன் மருதுவின் கடலைக் கொல்லையைத் தாண்டும்போது ஒரு துப்பாக்கிக் குண்டு என்னை நோக்கி வந்தது.

காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவன் அந்தப் பக்கத்தில் மருது ஒருவன்தான்.

குண்டு முதலில் ஒரு வாழைமரத்தைத் துளைத்தது. அடுத்து என் மொபெட்டில் கிடந்த தவிட்டு மூட்டையைத் துளைத்தது. கடைசியில் ஹேண்டிலில் தொங்கிய எவர்சில்வர் தூக்குவாளியில் பட்டு, போதும் என்று நின்றுவிட்டது.

நான் செத்துவிட்டேனா இல்லையா என்று எனக்கே விளங்கவில்லை. வேட்டியில் வழிவது ரத்தமா ரசமா என்று தொட்டு நக்கிப் பார்த்தேன்.

ரசம். உப்புக் கம்மி.

வீட்டுக்கு வந்து என் மனைவி புஷ்பவள்ளியிடம் சொன்னேன். அவள் என்னையும் தூக்குவாளியையும் மாறி மாறிப் பார்த்தாள். எதற்காக அழுவது என்று அவளுக்குக் குழப்பம்.

நாங்கள் புதுவீடு குடிபுகுந்தபோது அவள் தம்பி மருது தன் பெயர் வெட்டிக் கொடுத்த தூக்குவாளி அது. நசுங்கியிருந்தது சரியாக அந்தப் பெயரில்.

அந்தத் தம்பியோடு அவளுக்கு மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. தன் பேத்தி காதுகுத்துக்கு அக்காளை நேரில் வந்து அழைக்காமல் வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பிவிட்டான். அவன் வரட்டும் என்று இவளும், இவள் வரட்டும் என்று அவனும் இருந்தார்கள். நான் இரண்டு வீட்டிலும் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

மூட்டையில் ஓட்டையைக் காணோமே என்றாள். தவிடு மூடிக்கொண்டது என்றேன்.

வாழைமரம்? பச்சை மரம், ஒட்டிக்கொண்டது.

குண்டு? பளபளவென்று இருந்ததால் காக்கை தூக்கிப் போய்விட்டது.

அவள் நம்பினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

மருது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். அக்காளைக் கண்டதும், வாளி சாய்ந்து தண்ணீர் ஓடுவதுகூடத் தெரியாமல் நின்றான்.

"ஏண்டா, பத்திரிகையத்தான் போன்ல அனுப்புன. குண்டையுமாடா தூரத்துல இருந்தே அனுப்புவ?"

"என்ன குண்டு? மச்சான், அக்கா என்ன சொல்லுது?"

நான் அவன் வீட்டுத் தென்னையில் காய்ப்பு எப்படி என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் விடவில்லை. திட்டிக்கொண்டே கிட்டப் போனவள் பாதியில் நிறுத்தி, ஏன் இப்படி இளைத்துப் போய்விட்டாய் என்று கேட்டாள்.

அவ்வளவு பெரிய மீசை வைத்திருப்பவன், விசும்பினான்.

அவள் மூக்கைச் சிந்திவிட்டு நேரே அடுப்படிக்குள் போனாள். அங்கே இருந்த குழம்பைப் பழித்துக்கொண்டே எல்லோருக்கும் இலை போட்டாள்.

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே, அதாவது இதெல்லாம் நடப்பதற்கு இரண்டு வாரம் முன்பே, மருது தன் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டான்; வண்டியில் அவன் பின்னால் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டு போனது நான்தான்.