மணி கேட்டவன்

செத்தல் மிளகாயைச் சட்டியில் போட்டுவிட்டு, தபால் வண்டி வருகிறதா என்று பார்க்கப் பல்கனிக்குப் போனான்.

வண்டி வரவில்லை. புகை வந்தது.

அலாரம் அலற, சற்று நேரத்தில் பதினெட்டு மாடியும் கீழே இறங்கிப் பனிக்குள் நின்றது. பாதித் தூக்கத்தில் இரவுவேலைக்காரர்கள். தலைக்குச் சாயம் பூசியபடி ஒரு சீனத்து அம்மா. மீன்தொட்டியை அணைத்துக்கொண்டு ஒரு கிழவர். மிளகாய் நெடியும் படிக்கட்டு வழியே அவர்களோடு கூடவே இறங்கி வந்திருந்தது.

ஒரு சம்பலுக்கு இரண்டு தீயணைப்பு வண்டிகள்.

தன்னால் இந்த நாட்டில் எவருக்கும் தொந்தரவு வராது என்றுதான் அவன் அகதி விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்திருந்தான்.

அவன் போட்டிருந்த கோட்டு நகுலேசனுடையது. சப்பாத்தும்தான். இரவில் படுக்கிற சோபாவும், கருகிப்போன மிளகாயும் நகுலேசனுடையவை. நகுலேசன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எப்போதுமே சொன்னதில்லை.

கொழும்பு லொட்ஜில் ஒரே அறையில், இரவிரவாகக் கதை சொல்லியபடி, ஏஜென்சிக்காரனுக்காகக் காத்துக் கிடந்தவர்கள் இருவரும். நகுலேசன் முதலில் பறந்தான். கேஸ் சரிவந்தது. சிட்டிசன் ஆனான். சுகிர்தாவைக் கட்டினான். பின்னால் புறப்பட்ட அவனோ நாலு நாட்டில் இடறி விழுந்து, வருடங்கள் கழித்து வந்து சேர்ந்தான்.

அவனுடைய விசாரணை முடிந்துவிட்டது. முடிவு தபாலில் வரும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, மணிக்கூட்டுக் கதை வரும்வரை.

அவனைப் பிடித்து வைத்திருந்த ஆமிக் காம்பில் ஒரு சிப்பாய் அவனுடைய கைமணிக்கூட்டைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டான். தினமும் வந்து அவனிடமே மணி கேட்பான். பிழையாகச் சொன்னால் அடி. சரியாகச் சொன்னால், எப்படித் தெரியும் என்று அடி.

விசாரித்த அம்மா பேனையைக் கீழே வைத்தார். இதே மணிக்கூடு, இதே கேள்வி. இதை முன்பே ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேனே என்றார்.

அவன் அழாமல்தான் சொன்னான். அதுதான் பிழையோ என்னவோ.

வீட்டுக்கு வந்ததும் கேட்டான். "ஏன் மச்சான் அந்த மனிசி அப்பிடிச் சொன்னவ?"

"பாப்பம்," என்றான் நகுலேசன்.

நகுலேசனுக்கு எதுவும் பாப்பம்தான். கோயிலுக்கு வாறியா? பாப்பம். சோறா, புட்டா? பாப்பம். தாலி கட்டச் சொன்ன ஐயருக்கும் இதைத்தான் சொல்லியிருப்பான் என்று அவன் சுகிர்தாவிடம் பகிடி விட்டிருக்கிறான்.

அலாரம் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. உள்ளே யாரையும் விடவில்லை. தபால்காரர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டால்?

"நகுலேஸ், மணி என்ன?"

நகுலேசன் காது கேளாதவன்போலத் தீயணைப்பு வண்டியையே பார்த்தான்.

சுகிர்தா மகளை இடுப்பில் மாற்றிக்கொண்டு அவன் அருகே வந்தாள்.

"அண்ணை, இவரிட்ட மட்டும் மணி கேக்காதேங்கோ."

"ஏன்?"

"உங்களுக்குச் சொல்லேல்லையே? காம்பில ஆமிக்காரன் இவற்ற மணிக்கூட்டையே கட்டிக்கொண்டு வந்து, மணி கேட்டுக் கேட்டு அடிச்சவனாம். அதைக் கேட்டிட்டுத்தான் இஞ்ச இவற்ற கேசை ஏற்றவங்கள். எனக்குச் சொல்லேக்க அழுதவர், பாவம்."

அவன் சிரிக்கப் பார்த்தான். இந்த மாதிரி இடங்களில் வழக்கமாகச் சிரிப்பு வரும். இப்போது வரவில்லை.

அந்த வீட்டில் ஒரு மணிக்கூடுகூட மாட்டியிருக்கவில்லை. அடுப்பில் ஒளிரும் மணியைக்கூட நகுலேசன் ஒட்டுத்துண்டு ஒட்டி மறைத்திருந்தான். தனக்காகத்தான் என்று அவன் நினைத்திருந்தான். வந்த முதல் இரவில் அதை நினைத்துக் கண்கூடக் கலங்கினான்.

மெல்ல நடந்துபோய் நகுலேசனுக்குப் பக்கத்தில் நின்றான்.

"என்ர மணிக்கூட்டுக் கதையையே சொன்னனீ?"

நகுலேசன் தன் கையுறைகளைக் கழற்றி அவனிடம் நீட்டினான். அவன் வாங்கவில்லை.

"சொல்ல என்னட்ட என்ன மச்சான் இருந்தது? எனக்கு ஒண்டும் நடக்கேல்லையே. எல்லாம் உனக்குத்தானே நடந்தது."

கொடுத்துவைத்தவனைப் பார்த்துச் சொல்வதுபோல் இருந்தது.

"என்னைத் திருப்பி அனுப்பப் போறாங்கள், நகுலேஸ். லோயரிட்ட வந்து, அது என்ர கதை எண்டு சொல்லுவியா?"

நகுலேசன் சுகிர்தாவைப் பார்த்தான். அவள் மகளின் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது 'பாப்பம்' வரும் என்று அவன் காத்திருந்தான். அது வந்தாலே போதும் போலிருந்தது.

அலாரம் நின்றது.

"மாட்டன்."

அலறலுக்கு மேலே கேட்கவென்று எடுத்த குரல். அமைதியில் முற்றம் முழுக்கக் கேட்டது.

சுகிர்தா திரும்பினாள். "என்ன மாட்டியள்?"

நகுலேசனின் கையில் கையுறைகள் இன்னும் நீட்டியபடியே இருந்தன.

அவன் அவற்றை வாங்கிப் போட்டுக்கொண்டான்.

"என்னை இனிக் குசினிக்குள்ள சமைக்க விடமாட்டாராம்," என்றான் சுகிர்தாவிடம்.