தெருமுனைச் சத்தம்

கொசு மருந்து அடிக்க ஆள் வந்துவிட்டது என்று எதிர் பேக்கரிக்காரர் பப்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

யாரும் வரவில்லை. அது எதிரே ஒர்க்ஷாப் வாசலில் நின்ற பெரியவருடைய மோட்டார் சைக்கிள்.

புகைக்குள் எங்கோ மெக்கானிக் ஜெயசீலன் இருமிக்கொண்டிருந்தான்.

“சார், எவ்வளவு ஆயில் ஊத்துனீங்க?”

“நீ சொன்ன அளவுதான்.”

“நான் எவ்வளவு சொன்னேன்?”

அவர் புகையைப் பார்த்தார்.

ஜெயசீலன் சொன்னது ஒரு மூடி. பெட்ரோலில் ஆயில் கலந்து குடிக்கிற பழைய வண்டி. மாடிப்படிக்குக் கீழே வருஷக்கணக்காகப் பட்டினி கிடந்திருக்கிறது. அவருடையதோ விருந்தாளிக்கு நெய் ஊற்றிப் பழகிய கை. பாதி டப்பா போய்விட்டது.

“எல்லாத்தையும் இறக்கிட்டு வேற ஊத்தணும். நாளைக்கு வாங்க சார்.”

நாளைக்கு வரை எப்படி? இப்போது ஓடுகிறது. அணைத்தால் மறுபடி எப்போது மனம் இரங்குமோ. மேலும் இருட்டத் தொடங்கிவிட்டது. மனைவி சமையலறையில் இருப்பாள்.

காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். முழங்கால் கடக்கென்றது.

அதற்கும் ஒரு மூடி ஊற்றியிருக்கலாம்.

 

முன்பெல்லாம் மில்லில் ஷிஃப்ட் முடிந்து இதில்தான் வருவார்.

தெருமுனையில் ஒரு பள்ளம். கியரைக் குறைத்து ஒரு முறுக்கு முறுக்கினால்தான் வண்டி ஏறும்.

அந்த முறுக்கு கேட்டதும் அவள் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள்.

அவர் செருப்பைக் கழற்றி, கைகால் கழுவி, வந்து உட்காரவும் முதல் தோசை தட்டில் விழவும் சரியாக இருக்கும்.

அதே மாதிரி வண்டி தெருவில் இன்னும் இரண்டு பேரிடம் இருந்தது. அவற்றுக்கெல்லாம் கல் ஏறியதில்லை.

“எப்படிடீ கண்டுபிடிக்கிற?”

“ஊருக்குள்ள சளிப்பிடிச்ச வண்டி அது ஒண்ணுதான?”

 

கொஞ்ச நாளாக, அவர் ஜோக் அடித்தால் அவளுக்குச் சிரிப்பு தாமதமாக வந்தது.

சரக்கு புளித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். அதற்காக மெனக்கெட்டுப் புதிதாக நாலைந்து தயார் செய்தார்.

அவற்றுக்கும் அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் சிரித்த பிறகு சிரித்தாள்.

அப்புறம்தான் கவனித்தார். குக்கரை வைத்துவிட்டு அவள் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர்வதில்லை. எதிரிலேயே நிற்கிறாள். விசிலைக் கண்ணால் எண்ணுகிறாள்.

மில் இரைச்சலில் காலம் தள்ளியது அவர். காது போவதென்றால் நியாயமாக அவருக்கல்லவா போயிருக்க வேண்டும்.

“காது டாக்டர்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வந்துருவமா?”

“எனக்கென்ன? நல்லாத்தான் கேக்குது. நீங்கதான் வாய்க்குள்ளயே பேசுறீங்க.”

எப்போது கேட்டாலும் இதே பதில். கத்திக் கேட்டால், “எதுக்கு இப்படிக் கத்துறீங்க?”

இந்த வண்டிச் சத்தமாவது அவளுக்கு மிச்சம் இருக்கிறதா?

அதைத் தெரிந்துகொள்ளத்தான் வண்டியை வெளியே எடுத்தார். அவளிடம் பழைய இரும்புக்குப் போடப்போவதாகச் சொன்னார்.

அவள் முந்தானையால் சீட்டை ஒரு தடவை துடைத்துவிட்டு உள்ளே போனாள்.

பழைய இரும்புக்குப் போகிற வண்டிக்கு யாராவது சீட்டைத் துடைப்பார்களா?

 

தெருமுனை.

பள்ளத்தை எப்போதோ மூடித் தார் போட்டுவிட்டார்கள்.

இருந்தாலும் கியரைக் குறைத்தார். முறுக்கினார்.

படுத்திருந்த நாய்கள் எழுந்து நின்றன. ஒரு ஸ்கூட்டர்காரர் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். மாடியிலிருந்து யாரோ அவருடைய பரம்பரையை விசாரித்தார்கள்.

சந்தேகத்துக்கு இன்னொரு முறுக்கு.

காற்று பின்னாலிருந்து அடித்தது. புகை அவரை முந்திக்கொண்டு தெருவுக்குள் போனது.

 

வாசலில் நிறுத்தினார். அணைக்கவில்லை. அணைக்கப் பயம்.

செருப்பைக் கழற்றினார். கூடத்தில் கால் வைத்தார்.

உள்ளேயிருந்து ‘சொய்ங்’ என்றது.

காய்ந்த கல்லில் மாவு விழுகிற சத்தம்.

ஒரு தட்டு எடுத்து வைத்திருந்தது. ஓரத்தில் சட்னி.

கண் கரித்தது. புகைதான். புகை என்றே இருக்கட்டும்.

“பாத்தியா! கேட்டுச்சுல்ல?” என்றார், அவள் முதுகைப் பார்த்து.

முதுகு தோசையைத் திருப்பிப் போட்டது.

வாசலில் வண்டி அலறிக்கொண்டிருந்தது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன.

அவர் பக்கத்தில் போய் நின்றார்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“கேட்டுச்சா?” என்றார் மறுபடியும். இந்தத் தடவை மெதுவாக. கூட ஒரு ஜோக்கும் சேர்க்காமல்.

அவள் அவர் உதட்டைப் பார்த்தாள். வழக்கமான பதில் அவள் வாய் வரைக்கும் வந்தது.

பிறகு அவர் கண்ணைப் பார்த்தாள்.

அடுப்பைக் குறைத்தாள்.

“கேக்கலைங்க,” என்றாள். “பொகை வாசம் வந்துச்சு. கல்லைப் போட்டேன்.”