பானைக்கு அடியில்

வாசல் பனியை அள்ளப் போன தயாபரன் அங்கேயே சரிந்து விழுந்து செத்துப்போனான். ஓடிவந்தவர்கள் மிதித்தது போக, படியிலிருந்து நாலைந்து அடி தள்ளி அவனுடைய சப்பாத்துச் சுவடு ஒன்று மிஞ்சியிருந்தது. தெருவைப் பார்த்துப் போகும் சுவடு. குளிர் அதைக் கல்லாக்கி வைத்திருந்தது. துக்கத்துக்கு வந்தவர்களையெல்லாம் அவன் மனைவி புஷ்பராணி பின்கதவால் வரச்சொன்னாள். எட்டாம் நாள் காலையில் பனிப்புயல் தொடங்கியதும், வீட்டிலிருந்த ஒரே பெரிய பானையைக் கொண்டுபோய்ச் சுவட்டின்மேல் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

அன்று எட்டுச் செலவு. செத்தவனுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள். சமைக்க வந்த பெண்கள் பானையைத் தேடினார்கள். தயாபரனின் தம்பி குகநேசன்தான் அதை யன்னலால் கண்டான். குளிர்ச்சட்டையை எடுத்து மாட்டினான்.

“நான் கடைக்குப் போய் வேற பானை வாங்கிக்கொண்டு வாறன், அண்ணி.”

“இந்தப் புயலுக்குள்ள நீயும் வெளிய போகாத,” என்றாள்.

அவளே போனாள். பானையைத் தூக்கியபோது சுவடு அப்படியே இருந்தது, சப்பாத்தின் வரிகள்கூட அழியாமல். பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். முதலில் குதிக்கால் நிரம்பியது. பிறகு நடுப்பாதம். எல்லாம் ஒரே வெள்ளையான பிறகுதான் அசைந்தாள்.

படியேறித் திரும்பிப் பார்த்தாள். அவள் போன சுவடுகளையும் பனி மூடியிருந்தது. வீட்டை நோக்கி வந்தவை மட்டும் கிடந்தன.