மூன்று சாக்கு வெட்டுத்துண்டு

இத்தாவில் இருக்கிறவள் கட்டில் விரிப்புத் தைக்கலாமா?

ஹாஜறாவுக்கு நாலு நாளாக இதே யோசனைதான். தையல்கார முனாப் மவுத்தாகி இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை. அவருடைய பெண்சாதி சல்மா நாலு மாதமும் பத்து நாளும் இத்தா என்று வெள்ளை உடுத்து வீட்டுக்குள் அடங்கி இருக்க வேண்டியவள். அவளோ மடி நிறையச் சிவப்பும் மஞ்சளும் பூப்போட்ட சீத்தையுமாகத் துண்டு துண்டாய்ப் பரப்பி வைத்து ஒட்டித் தைத்துக்கொண்டிருக்கிறாள். விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் ஓடத் தொடங்கும் தையல் மிசின், மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொன்னால்தான் நிற்கிறது.

கிடுகு வேலியோடு நின்று ஹாஜறா கேட்டும் பார்த்தாள்.

"ஆருக்கு புள்ள இந்த விரிப்பு?"

"சும்மா இரிக்க ஏலாம இரிக்கி, ராத்தா" என்று சொல்லிவிட்டுச் சல்மா துணியை மடித்து உள்ளே கொண்டுபோனாள்.

மறைத்தாள் அல்லவா, ஹாஜறாவுக்கு அது போதும். நல்ல காரியமென்றால் மறைப்பானேன்? அன்று பின்னேரமே கிணற்றடியில் தண்ணீர் அள்ள வந்த ஸைனம்புவிடம், அடுத்த மாப்பிள்ளைக்கு இப்போதே விரிப்புத் தயாராகிறது என்று காதோடு காதாகச் சொன்னாள். கதை மூன்று தெரு தாண்டிப் போனது.

சல்மாவின் மகள் றாஹிலாவுக்குச் சம்மாந்துறையில் ஒரு சம்பந்தம் பேசி வைத்திருந்தார்கள். முனாப் இருக்கும்போதே வாய்ப்பேச்சில் முடிந்த விசயம். மாப்பிள்ளையின் மாமி ஒருத்தி, முறைக்கு ஒரு தடவை விசாரித்துவிட்டுப் போகலாமென்று பக்கத்து வீடான ஹாஜறாவின் வீட்டுக்கு வந்தாள். வெற்றிலை போட்டுக்கொண்டே, புள்ள எப்படி என்று கேட்டாள்.

"புள்ள தங்கம்" என்றாள் ஹாஜறா. அதோடு நிறுத்தியிருக்கலாம். "உம்மாதான்..." என்று இழுத்துவிட்டு வேலிப் பக்கம் கண்ணைக் காட்டினாள். அங்கே மிசின் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஒரு சொல்லுக்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை, வந்தவளும் கேட்கவில்லை. அடுத்த கிழமை சம்மாந்துறையிலிருந்து ஆள் வந்து, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிப் போனது. றாஹிலா சாப்பிடாமல் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டபோது ஹாஜறாவுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. கண்ணால் கண்டதைத்தானே சொன்னேன் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

இத்தா முடிந்த மறுநாள் காலை, சல்மா முதல் தடவையாகப் படலையைத் திறந்து வெளியே வந்தாள். வந்தது நேரே ஹாஜறாவின் வீட்டுக்கு. கையில் மடித்த விரிப்பு ஒன்று. பின்னால் றாஹிலா இன்னும் ஏழெட்டு விரிப்புகளை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இது உங்கட, ராத்தா" என்று சல்மா தன் கையில் இருந்ததை நீட்டினாள்.

ஹாஜறா ஒன்றும் விளங்காமல் விரித்துப் பார்த்தாள். நடுவில் நீலக் கட்டம் போட்ட துணி. அவளுடைய மூத்தவன் ஜவுபருக்குச் சுன்னத்து வைத்த வருசம் முனாப் தைத்த சட்டைத் துணி. அதற்கு அடுத்தாற்போல் மஞ்சள் பூச் சீத்தை. ஒரு நோன்புப் பெருநாளுக்கு நாலு பிள்ளைகளுக்கும் ஒரே துணியில் எடுத்துத் தைத்தது. பச்சை, ஊதா, கோடு போட்டது என்று ஒவ்வொரு பெருநாளாக வந்துகொண்டே இருந்தது. அந்த உடுப்பெல்லாம் எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் அலுமாரியோடு போய்விட்டன.

"வெட்டின துணியில மிச்சம் வாறத அவரு திருப்பிக் குடுக்கல்ல, ராத்தா" என்றாள் சல்மா. "பொக்கட்டுக்கு உதவும் எண்டு சாக்குல போட்டு வச்சிட்டாரு. சூறாவளியில கடைக்கூர பறந்த நேரமும் அந்த மூணு சாக்கத்தான் தூக்கிட்டு வந்தாரு. கடைசியில அதுதான் அவருக்குப் பெரிய கவல. மத்தாக்கள்ற ஹக்கோட, அவங்கட பொருளோட கபுறுக்குப் போறனே எண்டு அழுதாரு. துண்டாக் குடுத்தா எறிஞ்சிருவாங்க, பாவிக்கிற மாதிரித் தைச்சுக் குடுத்து ஊடு ஊடா மன்னிப்புக் கேட்டுப் பொருத்தம் வாங்கு எண்டாரு."

எந்தத் துண்டு எந்த வீட்டுத் துணி என்று அவளுக்கு மறக்கவில்லை. முனாப் தைத்ததற்கெல்லாம் பொத்தான் கட்டியவள் அவள்தான்.

ஹாஜறா விரிப்பிலிருந்து கண்ணை எடுத்தாள். "இத முதலே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, புள்ள."

"சொன்னா மவுத்தான மனிசனக் கள்ளன் எண்டிருவாங்களே. என்னப் பத்தி என்ன கதைச்சாலும் நான் தாங்கிக்குவன். இவள்ர கலியாணம் நிண்ட நேரம் மட்டும், சொல்லிரலாமா எண்டு வாய் வரைக்கும் வந்திச்சி. வாப்பாட மானம் பெரிசு உம்மா, சொல்லாதீங்க எண்டு இவள்தான் தடுத்தாள்."

றாஹிலா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாலு மாதத்தில் பிள்ளை பாதியாகப் போயிருந்தாள்.

நான்தான் சொன்னேன், என்னைப் பொருந்திக்கொள் என்று கதறிவிட வேண்டும் போல் இருந்தது ஹாஜறாவுக்கு. மூன்று தெருவுக்குக் கேட்கக் கதைத்த வாய் அசையவில்லை.

அந்த மௌனத்தைச் சல்மா வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். துணியை எடுத்தவரை மன்னிக்க ராத்தாவுக்கு மனம் வரவில்லையாக்கும் என்று பயந்துபோய், ஹாஜறாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அவரப் பொருந்திக்கிட்டன் எண்டு சொல்லுங்க, ராத்தா. ஒரு சொல்லுத்தானே."