குனியாத பிறந்தநாள்

பள்ளியில் படிக்கும்போது மணிமொழியின் கோணல் முதுகை நிமிர்த்த உள்ளே வைத்த கம்பிக்கு, அவள் அப்பாவின் போனில் இரண்டே பொத்தான்கள்: நிமிர், குனி. டாக்டர் தினமும் அழுத்தச் சொன்னது ‘நிமிர்’. ஆளுங்கட்சியின் வட்டச் செயலாளரான அப்பா தணிகாசலத்துக்குக் கைவந்ததோ ‘குனி’. பெரிய மனிதர் யார் வந்தாலும் ஓர் அழுத்து. மகள் பொசுக்கென்று காலில் விழுவாள். “எவ்ளோ பணிவான பொண்ணுய்யா!” என்று கட்சியே மெச்சியது.

பதினெட்டாவது பிறந்தநாளுக்கு ஆசி வாங்க அவளை அமைச்சர் வீட்டுக்கே கூட்டிப்போனார். அமைச்சர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைச் சற்று முன்னால் வைத்துத் தயாராக நின்றார். தணிகாசலம் சட்டைப்பைக்குள் கைவிட்டு அழுத்தினார். மகள் கொடிக்கம்பம் மாதிரி நின்றாள். மறுபடி அழுத்தினார். பதறிப்போய் போனை எடுத்துப் பார்த்தார்.

‘வாழ்த்துகள். இன்றுமுதல் இந்த முதுகு அதன் உரிமையாளரின் பொறுப்பு.’

“என்னய்யா, புள்ள நின்னுக்கிட்டே இருக்கு?” அமைச்சரின் முகம் சுருங்கியது.

“விழுந்து தொலைம்மா, என் பதவி போயிடும்” என்று தணிகாசலம் பல்லைக் கடித்தார்.

“நீங்களே விழுங்கப்பா,” என்றாள் மணிமொழி. “உங்களுக்குத்தான் பொத்தானே வேண்டாமே.”