இடம்பெறத் தகுதி

காசிராஜன் மெஸ்ஸைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதியவன் ஆல்பர்ட். மனைவி பிரிந்து போன நாளிலிருந்து அவனுக்கு மதியச் சாப்பாடு அங்கேதான். மண்சட்டியில் கொதிக்கும் அயிரை மீன் குழம்பையும், கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றும் காசிராஜனையும் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தான். 'இந்தக் கடையைப் பற்றி எந்தச் செய்தித்தாளும் எழுதியதில்லை. பக்கத்தை நீக்கலாம்' என்று அங்கிருந்த தொகுப்பாளர்கள் குறிப்பு வைத்தார்கள். ஆல்பர்ட் அவர்களோடு வாதாடிக்கொண்டிருந்த வாரத்தில் கடையில் சிலிண்டர் வெடித்தது. காசிராஜனும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நான்கு பேரும் கருகிப்போனார்கள். எல்லாச் செய்தித்தாள்களும் எழுதின. தொகுப்பாளர்கள் நீக்கல் குறிப்பை எடுத்துவிட்டு விபத்தைச் சேர்த்தார்கள். எரிந்த கடையின் படத்தையும் வைத்தார்கள். மீன் குழம்புக்கு மட்டும் ஆதாரம் இல்லை என்று அந்த வரிகளை அழித்தார்கள்.

காரியத்துக்குப் போன ஆல்பர்ட்டிடம் காசிராஜனின் மனைவி தவமணி போனை நீட்டினாள்.

"இத நீங்கதான் எழுதுனீங்களாம். அவரு சமையலப் பத்தி ஒரு வரிகூட இல்லியே தம்பி?"

"எழுதியிருந்தேன்க்கா. எடுத்துட்டாங்க."

"அப்ப எல்லாத்தையும் எடுத்துரச் சொல்லுங்க. எம்புள்ள அவங்க அப்பா பேரத் தட்டுனா இந்தப் படந்தான் வருது."

அன்றே அவன் பக்கத்தை நீக்கச் சொல்லிக் கேட்டான். மறுநாள் பதில் வந்தது. போதிய ஆதாரங்கள் இருப்பதால் இந்த உணவகம் இடம்பெறத் தகுதியானது என்று எழுதியிருந்தார்கள். பக்கத்தைத் தொடங்கி வைத்ததற்காக அவனுக்கு நன்றியும் சொல்லியிருந்தார்கள்.