மறைக்குது

இடைவேளை முடிந்து பதினோராவது நிமிடத்தில் அந்தக் காட்சி வரும்.

அவனுக்கு மனைவியின் பிறந்தநாள் நினைவில் நிற்காது. இது நிற்கும்.

பாப்கார்ன் வரிசையில் நின்றபடி மணி பார்த்தான்.

முப்பது வருடம் கழித்து மறுபடியும் வெளியாகியிருந்த படம். இன்னும் தாங்குகிறதா, பார்த்துவிடுவோம் என்று பத்தாம் வகுப்பு 'பி' பிரிவிலிருந்து ஐந்து பேர் காலைக் காட்சிக்கு வந்திருந்தார்கள்.

முதல் பாதியில் பாட்டுகள் தாங்கின. கல்லூரி மாணவனாக வந்த கதாநாயகனின் தொப்பை தாங்கவில்லை. அதைப் பார்த்துச் சிரித்த ஐந்து பேருக்கும் அதைவிடப் பெரிய தொப்பை.

ஆறாவதாகத் தவமணி வந்தான். தாமதமாக. மகளோடு.

மகள் இலக்கியாவை யாரும் எதிர்பார்க்கவில்லை. பாட்டையெல்லாம் ரீல்ஸில் பார்த்துவிட்டு, படத்தையும் பார்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாளாம்.

பதினான்கு வயது. தவமணியை அப்படியே உரித்து வைத்திருந்தாள். அதே நிறம். அதே உருண்டைக் கன்னம்.

இருவருக்கும் பின்வரிசையில்தான் இடம் கிடைத்தது. அவனுக்கு நேர் பின்னால்.

அந்தக் காட்சியில் நகைச்சுவை நடிகர் தன் கூட்டாளியைப் படியிலிருந்து எட்டி உதைப்பார். 'உருளுடா கரிமூட்ட' என்பார். அன்றைக்குத் தியேட்டரே உருண்டது.

திங்கட்கிழமை, முதல் பாடவேளை. வகுப்புக்குள் நுழைந்த தவமணியைப் பார்த்து ஒருவன் அந்த வசனத்தைச் சொன்னான்.

அந்த ஒருவன்தான் இப்போது பாப்கார்ன் வரிசையில் நிற்கிறான்.

வெண்ணெய் போடவா என்று கேட்டார்கள். போடச் சொன்னான். மனசு உறுத்தினால் நாக்கு என்ன செய்யும், பாவம்.

பெயர் ஒட்டிக்கொண்டது. பொங்கலுக்குப் பொங்கல் டிவியில் படம் ஓடும். காட்சி வந்ததும் தவமணிக்கு ஐந்து போன் போகும். ஐந்து குரலிலும் அதே வசனம். ஐந்துக்கும் தவமணி சிரிப்பான்.

எல்லோரும் சேர்ந்து ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுவின் பெயர் 'கரிமூட்டை அண்ட் கோ'. தவமணி தினமும் அதில் காலை வணக்கம் போடுகிறான்.

இலக்கியா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அங்கிள், ஸ்கூல்ல அப்பாவுக்கு என்ன பட்டப்பேரு? கேட்டா சொல்லவே மாட்டேங்கறாரு."

அவளுக்குப் பின்னால் தவமணி. இரண்டு கையிலும் ஐஸ்கிரீம். உருகி மணிக்கட்டுக்கு வந்திருந்தது. துடைக்கவில்லை.

"பட்டப்பேரா? உங்கப்பனுக்கா? வாத்தியாருங்களே அவன வாங்க போங்கன்னுதாம்மா கூப்பிடுவாங்க."

அவள் நம்பவில்லை.

தவமணி ஐஸ்கிரீமைப் பார்த்தான்.

பாப்கார்னோடு உள்ளே போனதும் அவன் மற்ற நான்கு பேர் காதிலும் தனித்தனியாகச் சொன்னான். இன்னைக்கு மட்டும் கத்தாதீங்கடா, பொண்ணு இருக்கு.

மூன்று பேர் தலையாட்டினார்கள். சகாயம் மட்டும், "அதுக்குத்தானடா வந்ததே" என்றான்.

விளக்கு அணைந்தது.

ஏழாவது நிமிடம். எட்டு.

நான்கு பேர் வாயை மூடலாம். மீதி முந்நூறு பேரை என்ன செய்வது? திரையை என்ன செய்வது?

திரும்பிப் பார்த்தான். இலக்கியா வாயைத் திறந்து படம் பார்த்துக்கொண்டிருந்தாள். தவமணி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்து.

திரையில் படிக்கட்டு வந்தது. கூட்டாளி மேல்படியில் குனிந்து நின்றான். தியேட்டர் முன்கூட்டியே சிரிக்க ஆரம்பித்தது. சகாயம் பாதி திரும்பிவிட்டான். வாய் திறந்துவிட்டது.

அவன் எழுந்தான்.

திரைக்கு முதுகைக் காட்டி, இலக்கியாவுக்கு நேராக, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து நின்றான். இருபது வருடமாகச் சேர்த்த உடம்பு. முதல் முறையாக ஒருவருக்குப் பயன்பட்டது.

"கால் பிடிச்சிருச்சு" என்றான், பொதுவாக.

"யோவ், மறைக்குது."

"உக்காருய்யா."

அவன் காலை உதறினான். உட்காரவில்லை.

பால்கனியிலிருந்து ஒரு குரல் நிதானமாக வந்தது. "அந்தத் தண்ணி லாரிய ஓரமா நிறுத்துங்கப்பா."

தியேட்டர் உருண்டது.

லாரி, லாரி என்று நாலாபக்கமும் குரல். யாரோ ஹாரன் அடித்துக் காட்டினார்கள். படத்தின் சத்தம் அதற்கடியில் எங்கோ போய்விட்டது. சகாயம் தன் வசனத்தை மறந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

இலக்கியா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

அவனும் சிரித்தான். காது மட்டும் சுட்டது. நாற்பத்தைந்து வயதில், பிறந்து அரை நிமிடம்கூட ஆகாத ஒரு பெயருக்கு.

டார்ச் வெளிச்சம் படியேறி வந்தது.

பின்னால் தபேலா கேட்டது. அடுத்த பாட்டு ஆரம்பித்திருக்க வேண்டும்.

அவன் புருவத்தை உயர்த்தித் தவமணியிடம் கேட்டான். முடிஞ்சிதா?

தவமணி அவன் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தான். நிதானமாகப் பார்த்தான். பிறகு அவனைப் பார்த்தான்.

இல்லை என்று தலையசைத்தான்.

பாட்டின் முதல் வரியைத் தியேட்டர் முழுக்கச் சேர்ந்து பாடியது.

அவனுக்கு இன்னொரு காலும் பிடித்துக்கொண்டது.